கடற்கரைக்கு வேலி எதற்கு?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. (விலங்கியல்)

கடல் பொதுவானது; காற்றுப் பொதுவானது; அலை வந்து தழுவிச் செல்லும் மணலும் பொதுவானதுதான் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆனால் கரீபியன் கடலின் தீவுகள் பலவற்றில் நிலைமை அப்படி இல்லை. அங்கே ஒரு நாள் பொழுதுபோக்க வந்திறங்கும் கப்பல் பயணிக்குக் கடற்கரை. அதே மண்ணில் பிறந்து வளர்ந்தவனுக்குக் கம்பி வேலி! இது நியாயந்தானா என்று கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் கப்பல் ஏறியவன் அல்லன். கரீபியன் தீவுகளைக் கண்ணால் கண்டவனும் அல்லன். படித்தும் கேட்டும் அறிந்தவற்றைக் கொண்டே எழுதுகிறேன். “காணாத ஊரைப் பற்றிக் கருத்துச் சொல்லலாமா?” என்று நண்பர்கள் கேட்கக்கூடும். அவர்களுக்கு என் விடை இதுதான்: அந்தக் கடற்கரையில் பகல் முழுவதும் படுத்திருந்துவிட்டுத் திரும்புகிறவர்களில் பலரும் அந்த ஊரைக் காணாமலேதான் திரும்புகிறார்கள். ஏன் என்பதைப் பார்ப்போம்.

ஒரு பகல் விருந்தாளி

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத் துறைமுகங்களான மியாமி, ஃபோர்ட் லாடர்டேல், கேனவரல் ஆகியவற்றிலிருந்து வாரந்தோறும் சொகுசுக் கப்பல்கள் கரீபியன் கடலை நோக்கிப் புறப்படுகின்றன. கப்பல் என்றால் சாதாரணக் கப்பல் அன்று. 2024 ஜனவரியில் முதற்பயணம் தொடங்கிய ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ என்ற கப்பலின் நீளம் 365 மீட்டர். 7,600 பயணிகள் வரை ஏற்றிச் செல்லும். அவர்களுக்குப் பணிபுரிய ஊழியர்கள் மட்டும் 2,350 பேர். ஒரு பேரூராட்சியே எழுந்து கடல்மேல் மிதந்து வருவதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

காலை ஏழு எட்டு மணிக்குக் கப்பல் ஒரு தீவின் கரையை அடைகிறது. பயணிகள் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு இறங்குகிறார்கள். முன்கூட்டியே பணம் கட்டியவர்களின் சட்டையில் குழு எண் ஒட்டப்படுகிறது. கைப்பலகை ஏந்திய வழிகாட்டி முன்னே நடக்க, வரிசையாகப் பேருந்தில் ஏறுகிறார்கள். கடற்கரையில் சாய்வு நாற்காலியும் குடையும் காத்திருக்கின்றன. மாலை நான்கு ஐந்து மணிக்குள் மீண்டும் கப்பல், இரவு கடலில், மறுநாள் இன்னொரு தீவு. இதற்குக் கரைச் சுற்றுலா என்று பெயர்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கரைச் சுற்றுலாச் சீட்டைக் கப்பலிலேயே விற்கிறார்கள். விலையில் ஒரு பங்கைக் கப்பல் கம்பெனி எடுத்துக்கொண்டு, மீதியைத்தான் உள்ளூர்ப் பேருந்துக்காரருக்கும் படகுக்காரருக்கும் தருகிறது. கப்பல் வழியே சீட்டு வாங்கியவர் திரும்பத் தாமதமானால் கப்பல் அவருக்காகக் காத்திருக்கும். தாமாக ஊருக்குள் நடந்து போனவர் தாமதித்தால் காத்திராது. அந்நிய நாட்டில் கப்பலைத் தவறவிடும் துணிச்சல் எத்தனை பேருக்கு இருக்கும்? ஊருக்குள் போய் நாலு பேரோடு பேசி, தெருக்கடையில் வறுத்த மீன் வாங்கித் தின்ன வேண்டிய மனிதன், இந்த ஓர் அச்சத்தினாலேயே குழு எண்ணை மார்பில் ஒட்டிக்கொண்டு மணலில் படுத்துவிடுகிறான்.

தீவையே வாங்கிவிட்டால்?

பங்கு கொடுப்பதுகூட எதற்கு என்று கம்பெனிகளுக்குத் தோன்றியது போலும்! ஊர் இல்லாத தீவாகப் பார்த்துத் தமக்கென வைத்துக்கொண்டால் பயணியின் பணம் எங்கும் போகாதல்லவா? 1977இல் நார்வீஜியன் கம்பெனி பஹாமாஸ் நாட்டின் கிரேட் ஸ்டிரப் கே என்ற தீவை வாங்கியது. அந்த வழியில் மற்றவர்களும் நடந்தார்கள். கோர்டா கே என்று வழங்கிய தீவு, டிஸ்னி கம்பெனியின் நீண்ட காலக் குத்தகைக்குப் போய், 1998 முதல் ‘காஸ்டவே கே’ என்ற புதுப்பெயரில் விளங்குகிறது. லிட்டில் ஸ்டிரப் கே, ராயல் கரீபியன் கம்பெனியின் கையில் ‘கோகோ கே’ ஆயிற்று. 2019இல் நீர்ச்சறுக்கு விளையாட்டுகளோடு புதுக்கோலம் பூண்டது. 2025 ஜூலையில் கார்னிவல் கம்பெனி கிராண்ட் பஹாமா தீவில் ‘செலப்ரேஷன் கீ’ என்ற தனிக் கடற்கரைத் துறையைத் திறந்தது.

தீவின் பழைய பெயர்கூடப் பயணியின் காதில் விழுவதில்லை என்பதைக் கவனியுங்கள். பெயர் போனால் வரலாறும் கூடவே போய்விடுகிறது.

இதற்கு அமெரிக்கச் சட்டமும் ஒரு காரணம். 1886இல் இயற்றப்பட்ட பயணிகள் கப்பல் சட்டத்தின்படி, அந்நியக் கொடி தாங்கிய கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் பயணிகளை ஏற்றிச் சுற்றிவிட்டு அங்கேயே இறக்க வேண்டுமானால், வழியில் ஓர் அயல்நாட்டுத் துறையையாவது தொட்டாக வேண்டும். சொகுசுக் கப்பல்களில் மிகப் பல பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளின் கொடியைத் தாங்கியவை. ஆகவே அயல்நாடு ஒன்று அவர்களுக்குத் தேவைப்படுகிறது. கம்பெனியின் சொந்தத் தீவும் சட்டத்தின் கண்ணுக்கு அயல்நாடுதான்! அயல்நாட்டைத் தொட்டதாகவும் ஆயிற்று. அயல்நாட்டார் ஒருவருக்கும் கடையில் காசு கொடுக்காமல் திரும்பியதாகவும் ஆயிற்று.

லபாடியின் வேலி

இந்தக் கதையில் என் நெஞ்சை மிகவும் உறுத்தியது ஹைட்டி நாடு. அதன் வடகரையில் லபாடி என்ற தீபகற்பம் இருக்கிறது. 1986 முதல் ராயல் கரீபியன் கம்பெனி அதை ஹைட்டி அரசிடம் குத்தகைக்கு எடுத்துப் பயன்படுத்தி வந்தது. சுற்றிலும் வேலி, வாயிலில் காவல். வேலிக்குள்ளே பயணிகள் இருப்பார்கள். உள்ளே விற்கவும் ஆடிப்பாடவும் அனுமதி பெற்ற சில நூறு உள்ளூர்க்காரர்கள் இருப்பார்கள். மற்ற ஹைட்டி மக்கள் வெளியே. பயணிகளும் வேலியைத் தாண்டி வெளியே போவதற்கில்லை.

வெளியே என்ன இருக்கிறது? அந்தக் கரையை அடுத்த வடசமவெளியில்தான் 1791 ஆகஸ்டில் கரும்புத் தோட்ட அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். பதின்மூன்று ஆண்டுகள் போராடி, நெப்போலியனின் படையையே தோற்கடித்து, 1804 ஜனவரி 1ஆம் நாள் விடுதலை பெற்ற தனி நாட்டை அறிவித்தார்கள். அடிமைகள் தம் கையாலேயே விலங்கொடித்து ஒரு நாட்டை நிறுவிய வரலாறு உலகில் வேறெங்கே இருக்கிறது? மீண்டும் பிரெஞ்சுக்காரன் வந்தால் எதிர்ப்பதற்காக ஆன்றி கிறிஸ்தோஃப் என்ற தலைவர் மலையுச்சியில் கட்டிய மாபெரும் கோட்டையும் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. யுனெஸ்கோ 1982இல் அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. வேலிக்குள் கம்பியில் தொங்கிக் கடலுக்குமேல் பறக்கும் விளையாட்டு உண்டு. கோட்டையைப் பார்க்கத்தான் வழியில்லை.

அந்த நாடு ஏன் ஏழையானது என்பதற்கும் விடை உண்டு. 1825இல் பிரெஞ்சு மன்னன் பத்தாம் சார்லஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, விடுதலையை அங்கீகரிக்க 15 கோடி பிராங்க் கேட்டான். அடிமைகளை இழந்த முதலாளிகளுக்கு, அடிமைகளாக இருந்தவர்களே நட்டஈடு கொடுக்க வேண்டுமாம்! பின்னர் அந்தத் தொகை 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. அதைக் கட்டுவதற்காக வாங்கிய கடனின் சுமை 1947வரை அந்த மக்களின் முதுகை விட்டு இறங்கவில்லை. அப்படி வறுமையில் ஆழ்த்தப்பட்ட நாடு, தலைக்குச் சில டாலர் வரிக்காகத் தன் கடற்கரையையே வேலி போட்டுக் கொடுத்தது. பணமில்லாதவன் பேரம் பேசினால் எப்படி முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

2010 ஜனவரி 12ஆம் நாள் ஹைட்டியின் தலைநகரான போர்ட் ஓ பிரான்சைப் பூகம்பம் தரைமட்டமாக்கியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்று மதிப்பிடப்படுகிறது. மூன்றே நாளில், ஜனவரி 15ஆம் நாள், அந்நகருக்கு வடக்கே நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருக்கும் லபாடியில் சொகுசுக் கப்பல் வந்து நின்றது. பயணிகள் இறங்கி நீந்தினார்கள். உலகப் பத்திரிகைகள் கண்டித்தன. கப்பலில் அரிசியும் பருப்பும் பால்மாவும் தண்ணீரும் உதவியாக வந்தன என்பதையும், வராமல் போனால் அங்கே வேலை செய்யும் ஏழைகளுக்குக் கூலி கிடைக்காது என்று கம்பெனி வாதித்ததையும் நான் மறைக்கவில்லை. பயணிகளில் சிலர் மனம் கேளாமல் கப்பலைவிட்டு இறங்க மறுத்தார்கள் என்றும் படித்தேன்.

இறங்கி நீந்தியவர்களைக் கல்நெஞ்சர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அண்டை வீட்டில் பிணம் கிடக்கும்போது எந்த மனிதனும் விருந்துண்ண மாட்டான். ஆனால் இடையே உயர்ந்த சுவர் இருந்தால், அடுத்த வீடு என்ற எண்ணமே அவனுக்கு வராது. லபாடி வேலியின் உண்மையான வேலை அதுதான். ஏழையை வெளியே நிறுத்துவதோடு அது நிற்பதில்லை. உள்ளே இருப்பவனின் இரக்கத்தையும் வெளியே நிறுத்திவிடுகிறது. நாட்டில் ஆயுதக் கும்பல்களின் கொடுமை முற்றியபோது, 2024 மார்ச்சில் கம்பெனி லபாடிப் பயணத்தை நிறுத்தியது. கப்பலுக்கு வேறு தீவு கிடைத்துவிடும். லபாடியின் சிறுவியாபாரிக்கு வேறு கப்பல் கிடைக்குமா?

மணலைச் செய்தவர் யார்?

விலங்கியல் மாணவன் என்ற முறையில் இங்கே ஒன்று சொல்ல விரும்புகிறேன். கரீபியன் கரைகளின் வெண்மணலை விளம்பரப் படங்களில் பார்க்கிறோம். அந்த மணல் எங்கிருந்து வந்தது? நம் ஆற்று மணலைப் போல மலைப்பாறை தேய்ந்து வந்ததன்று. பெரும்பகுதி பவளம், சிப்பி, சுண்ணாம்புச் சத்துள்ள கடற்பாசி ஆகியவற்றின் துகள். கிளிமீன் என்றொரு மீன், கிளியின் அலகு போன்ற வாயால் பவளப் பாறையைக் கடித்து, அதன் மேலுள்ள பாசியைத் தின்கிறது. தொண்டைப் பற்களால் அரைபட்ட சுண்ணாம்பை மணலாக வெளியேற்றுகிறது. அந்த மீன் ஆயிரமாயிரம் ஆண்டுகளாக இட்ட மணலின்மேல்தான் சாய்வு நாற்காலி போடப்பட்டிருக்கிறது! இதன் அருமையை உணர்ந்த பெலீஸ் நாடு, 2009இல் கிளிமீன் பிடிப்பதையே தடை செய்தது.

மீன் செய்த மணலுக்கு மனிதன் பத்திரம் எழுதிக்கொள்கிறான். எழுதிக்கொண்டவன் அதைக் காப்பாற்றுகிறானா என்றால், அதுவும் ஐயத்துக்குரியதே. கடலில் சட்டத்துக்குப் புறம்பாக எண்ணெய்க் கழிவைக் கொட்டி மறைத்த குற்றத்துக்காகப் பிரின்சஸ் கப்பல் கம்பெனி 2016இல் 4 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. அதன் தாய்க் கம்பெனியான கார்னிவல், அந்த வழக்கின் நன்னடத்தை நிபந்தனைகளை மீறியதற்காக 2019இல் மேலும் 2 கோடி டாலர் கட்ட நேர்ந்தது. பஹாமாஸ் கடலில் உணவுக் கழிவோடு பிளாஸ்டிக்கையும் சேர்த்துக் கொட்டியது அந்த மீறல்களில் ஒன்று.

வேலியிட்ட சட்டமும் வேலி தடுத்த பாட்டும்

வேலி எல்லாம் கம்பியால் ஆனது என்று எண்ண வேண்டாம். காகிதத்தாலும் வேலி போடலாம். ஜமைக்காவில் ஆங்கிலேயர் ஆட்சியில் 1956இல் கடற்கரைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்று வந்தது. கரையோரத்தின் உரிமை அரசுடையது. பயன்படுத்த உரிமம் வேண்டும். குளிக்கவோ உலாவவோ பொதுமக்களுக்குப் பொதுவான உரிமை எதுவும் இல்லை என்பது அதன் சாரம். 1962இல் நாடு விடுதலை பெற்றது. கடற்கரை விடுதலை பெறவில்லை. தாத்தா குளித்த கரையில் பேரன் குளிக்க வழி கேட்டு நீதிமன்றத்துக்குப் போகும் நிலை அங்கே இருக்கிறது.

இன்னொரு பக்கம் பார்படோஸ் இருக்கிறது. அங்கே கடற்கரைகள் எல்லாருக்கும் உரியவை. எவ்வளவு பெரிய விடுதியாக இருந்தாலும் அதன்முன் உள்ள மணலில் உள்ளூர்ச் சிறுவன் பந்தாடலாம். இது தானாக நிலைத்துவிடவில்லை. 1980களின் தொடக்கத்தில் விடுதிகளின்முன் உள்ள கரையைத் தனியாருக்கு ஒதுக்கலாம் என்ற பேச்சு எழுந்தபோது, மைட்டி காபி என்ற கலிப்சோ பாடகர் 1982இல் ‘ஜாக்’ என்ற பாட்டைப் பாடினார். கடற்கரை எங்களுடையது என்ற உணர்வு ஊரெங்கும் பரவியது. ஒரு பாட்டும் விழிப்புள்ள மக்களும் சேர்ந்தால் வேலிக் கம்பத்துக்குக் குழி தோண்டவும் ஒருவன் யோசிப்பான்.

பிரான்சுக்கு உட்பட்ட மார்த்தினிக், குவாதலூப் தீவுகளில் இன்னொரு விதமான ஏற்பாடு உண்டு. கடலிலிருந்து ஐம்பது தப்படி, அதாவது 81.2 மீட்டர் அகல நிலம், அரசுக்குரிய ஒதுக்கீடு என்று பதினேழாம் நூற்றாண்டிலேயே வகுத்தார்கள். அன்று அது பீரங்கி வைப்பதற்காக வகுக்கப்பட்டது. இன்று அதன் பெரும்பகுதி பொதுச்சொத்தாக நின்று மக்களுக்குக் கடலை மறைக்காமல் காக்கிறது. கெட்ட நோக்கத்தோடு வந்த சட்டமும் மக்கள் கைக்கு வந்தால் நல்லது செய்யும் போலும்.

அந்தத் தீவுகளின் பெயரைக் கேட்டால் தமிழ் மாணவர்களாகிய நமக்கு ஒரு நெருக்கம் தோன்ற வேண்டும். அங்கே அடிமை முறை 1848இல் ஒழிந்தபின், கரும்பு வெட்ட நம்மவர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோனார்கள். புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பலேறியவர்களில் தமிழர்கள் மிகப் பலர். 1853இல் மார்த்தினிக்கையும் 1854இல் குவாதலூப்பையும் அடைந்த முதற்கப்பலின் பெயர் ‘ஓரேலி’. குவாதலூப்புக்கு மட்டும் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களின் வழித்தோன்றலான ஆன்றி சிதம்பரம் என்பவர் தம் மக்களின் குடியுரிமைக்காக 1904 முதல் 1923வரை வழக்காடி வென்றார். அவர்களும் கப்பலில் வந்து கரையில் இறங்கியவர்கள்தாம். ஆனால் மாலையில் அவர்களைத் திருப்பி ஏற்றிச் செல்ல எந்தக் கப்பலும் காத்திருக்கவில்லை. இன்று அங்கே இறங்கும் பயணி, கடற்கரையை விட்டுச் சற்று உள்ளே சென்றால் தமிழ்ப் பெயர்களையும் மாரியம்மன் கோயிலையும் காணலாம். போகத்தான் வேண்டும்.

மறுபக்கம்

“கப்பல் வராவிட்டால் அந்தத் தீவுகள் பட்டினி கிடக்குமே!” என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியில் உண்மை உண்டு, மறுப்பதற்கில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவால் கப்பல்கள் நின்றபோது எத்தனையோ படகுக்காரர்களும் கைவினைக் கடைக்காரர்களும் வருவாயின்றித் தவித்தார்கள். 2019 செப்டம்பரில் டோரியன் புயல் சிதைத்த கிராண்ட் பஹாமா தீவுக்குப் புதிய துறை வேலை தந்திருக்கிறது. பயணிகளும் எல்லாரும் கோடீசுவரர்கள் அல்லர். ஆண்டெல்லாம் உழைத்துச் சேமித்து ஒரு வாரம் ஓய்வு தேடி வரும் ஆசிரியையும் தொழிலாளியும் அவர்களில் உண்டு.

ஆகவே கப்பலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேலைக்கு விலையாக வேலியைக் கேட்காதே என்றுதான் சொல்கிறேன். பார்படோசுக்கும் கப்பல் போகிறது. கரை திறந்தே இருக்கிறது. இரண்டும் சேர்ந்து இருக்க முடியும் என்பதற்கு அதுவே சான்று.

பிறகு ஏன் மற்றவை பணிந்து போகின்றன? ஒற்றுமை இன்மைதான் காரணம். கப்பலுக்குக் கால் உண்டு, தீவுக்கு இல்லை. ஒரு தீவு வரியை உயர்த்தினால் கப்பல் அடுத்த தீவுக்குப் போய்விடும். 1990களில் கரீபியன் நாடுகள் கூடித் தலைக்கு ஒரே அளவு வரி வாங்க முயன்றன. கம்பெனிகள் எதிர்க்க, அந்த உறுதி நிலைக்கவில்லை. ஆயினும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. 2024இல் பஹாமாஸ் அரசு பயணி வரியை உயர்த்தியபோது, தனித்தீவுக்கு மட்டும் வந்து போகும் பயணிக்குச் சற்றுக் கூடுதலாகவே விதித்தது. ஊரைத் தொடாமல் போகிறவன் ஊருக்குக் கொஞ்சம் அதிகம் கொடுத்துவிட்டுப் போகட்டும் என்ற இந்த எண்ணம் நேர்மையானது. மற்ற நாடுகளும் பின்பற்றத் தக்கது.

முடிவாக

என் கருத்து மூன்று. ஒன்று, எந்த அரசும் எந்தக் குத்தகையிலும் உள்ளூர் மக்கள் கடலுக்குப் போகும் வழியை விற்கக் கூடாது. இரண்டு, தீவு நாடுகள் தனித்தனியே பேரம் பேசாமல் சேர்ந்து பேச வேண்டும். மூன்று, பயணிக்கும் கடமை உண்டு. தான் நிற்பது எந்த நாடு, அதன் பழைய பெயர் என்ன, அங்கே வாழ்ந்தவர்கள் யார் என்று ஒரு கேள்வியாவது அவன் கேட்க வேண்டும். குழு எண்ணைக் கழற்றிவிட்டு ஊர்க் கடையில் ஒரு வேளைச் சாப்பாடு சாப்பிட வேண்டும். விருந்தாளி என்ற சொல்லுக்குத் தகுதி, வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்த பிறகுதான் வருகிறது.

நண்பர்களே, நம்மில் சிலர் நாளை படித்து முன்னேறி வெளிநாடு போவோம். சிலர் அத்தகைய கப்பல்களில் பணிபுரியவும் போவோம். வசதி வந்தால் பயணியாகவும் போவோம். அன்று கரையில் ஒரு வேலி தென்பட்டால், அதன் அப்பக்கம் நிற்பவரை நிமிர்ந்து பாருங்கள். அவர் நிற்கும் இடத்தில் நம்மை நிறுத்திப் பார்ப்பதற்கு நமக்கு அதிகக் கற்பனை தேவைப்படாது.